மூக்கில் சிவப்பு ரிப்பன்

தலைவலிக்காரர்களை விசாரிப்பது அண்ணிக்குப் பிடிக்கும். பேச்சின் நடுவே அவர்களே கண்ணை மூடிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் முகத்தையும் அறையையும் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

கோள் ஆய்வு மையத்தின் தலைவர் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். ஈரக் கைக்குட்டையை மடித்து நெற்றியில் போட்டு, நாற்காலியில் தலையைச் சாய்த்திருந்தார்.

"என் மனைவி திருடி இல்ல மேடம்," என்றார் கண்ணைத் திறக்காமலே. "மத்தியானம் விசாரணை. அதுக்குள்ள நீங்க அதை நிரூபிக்கணும்."

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா சார்?" என்றான் கொழுந்தன். "பசி வந்துட்டா எங்க அண்ணிக்கு எல்லாருமே திருடனாத்தான் தெரிவாங்க."

அண்ணி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு அவள் அண்ணிதான். துப்பறியும் ஏஜென்சியைத் தொடங்கியவர் அவள் கணவர். ஒரு நாள் ஏஜென்சியையும் மனைவியையும் சேர்த்தே விட்டுவிட்டுப் போனார். கூடவே விட்டுப்போன மூன்றாவது பொருள் இந்தத் தம்பி. மூன்றில் எதற்காகவும் அவர் திரும்பி வரவில்லை.

"முதல்லேர்ந்து சொல்லுங்க சார். நாங்க விண்வெளி படிச்சவங்க இல்ல," என்றாள் தலைவரிடம்.

"கீழ ஹால்ல பார்த்திருப்பீங்களே. அதேபோல ஒண்ணைத்தான் அனுப்பினோம்."

பார்த்திருந்தார்கள். வரவேற்புக் கூடத்தின் நடுவே, ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய பம்பரம்போல அது நின்றது. அதன் அடிப்பக்கத்திலிருந்து புஜத் தடிமனில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. குழாயின் மூடியில் ஒரு சிவப்பு ரிப்பன். 'ரிப்பன் கட்டியாச்சு, வெட்ட வேண்டிய பெரிய மனுஷர்தான் இன்னும் வரல போல' என்று கொழுந்தன் அப்போதே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருந்தான்.

"அது இரட்டை," என்றார் தலைவர். "எங்க வழக்கமே அப்படி. ஒரு கலம் செஞ்சா கூடவே அச்சா இன்னொண்ணும் செய்வோம். ஒண்ணு போகும். இன்னொண்ணு இங்கயே நிக்கும். போனதுக்கு என்ன ஆச்சுன்னு புரியலைன்னா நின்னதை வச்சுத்தான் பார்ப்போம். இப்ப வேலை முடிஞ்சுது, அதனால காட்சிக்கு வச்சிட்டோம். போன கலம் மேகம் மூடின அந்தக் கோளுக்குள்ள பாராசூட்ல இறங்கிச்சு. இறங்கும்போதே அந்தக் குழாய் வழியா சுத்தியிருக்கற காத்தை இழுத்து, அதுல என்னென்ன வாயு இருக்குன்னு பிரிச்சுச் சொல்லிச்சு. கடைசில வெந்து நசுங்கிப் போயிடுச்சு."

"பாவம்," என்றான் கொழுந்தன். அதை உண்மையாகவே சொன்னான்.

தலைவர் கைக்குட்டையை எடுத்தார். கண்கள் சிவந்திருந்தன. ஆனால் சுவரைக் காட்டியபோது அந்தக் கண்களில் ஒரு மினுக்கம் வந்துவிட்டது. சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு கோடு மாட்டியிருந்தது. குத்தென்று ஏறி, பிறகு மெல்லச் சரிந்து இறங்கும் ஒற்றைக் கோடு.

"ஒரு வாயு இருக்கு, உயிர் இருக்கற இடத்துலதான் அது அதிகமாக் கிடைக்கும். அந்தக் கோள்ல அதை மோந்து பிடிச்சது எங்க கலம். இறங்க இறங்க அது எவ்வளவு இருந்துச்சுங்கறதுதான் இந்தக் கோடு. உலகமே பேசிச்சு. அடுத்த கலத்துக்கு அனுமதி கிடைச்சதே இந்தக் கோட்டாலதான்."

"இறங்க இறங்கக் குறையுதே சார்?" என்றாள் அண்ணி.

"மேல் மேகத்துல மட்டும் இருக்கு. கீழ இல்ல. அவ்வளவுதான்."

"சரி. காணாமப் போனது என்ன?"

"சாட்சித் தகடு. உள்ளங்கை அளவுல கண்ணாடி மாதிரி தேய்ச்ச உலோகம். கலத்தைப் பாகம் பாகமாப் பூட்டிச் சேர்க்கற அறையில கலத்துக்குப் பக்கத்துலயே அதை வைப்போம். கலத்து மேல எது படியுமோ அது தகட்டுலயும் படியும். இங்கேர்ந்து நாம எதையாவது ஒட்டி அனுப்பிட்டோமான்னு பின்னால சந்தேகம் வந்தா, தகட்டைச் சோதிச்சாப் போதும். இன்னொரு ஆய்வுக்கூடம் அதைக் கேட்டுது, ஒரு சம்பிரதாயத்துக்கு. அலமாரியைத் திறந்தா தகடு இல்ல. கடைசியாத் திறந்தது என் மனைவியோட அட்டை. கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறா. அந்தக் குழாய் அவ டிசைன். குழாய்ல கோளாறு, அதை மறைக்கத் தகட்டை எடுத்துட்டான்னு சொல்றாங்க. தகடு கிடைக்கலைன்னா அவளுக்கு வேலை போகும். அடுத்த கலத்துலேர்ந்து அவ குழாயும் போகும். பதினெட்டு வருஷ உழைப்பு மேடம்."

"வீட்டுல எப்படி இருக்காங்க?"

தலைவர் மறுபடி கைக்குட்டையை நனைத்துப் பிழிந்தார். "வீடா? இதோ பாருங்க, இதான் வீடு. முன்னெல்லாம் எனக்குத் தலைவலின்னா விடியறதுக்கு முன்னாடி எழுந்து தைலம் தேச்சு விடுவா. ஆய்வு முடிவு வந்து ஊரே கொண்டாடுது, அன்னிக்குலேர்ந்து வீட்டுல ஒரு தைல டப்பா கிடையாது. நானா வாங்கி வச்சாலும் காணாமப் போயிடுது. ஈரத்துணி போட்டுக்கோங்கறா. புருஷன் பெரிய ஆளாயிட்டாப் பெண்டாட்டிக்குப் பொறுக்காதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். என் வீட்லயே நடக்கும்னு நினைக்கல."

அண்ணி எழுந்துபோய், கோட்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த புகைப்படத்தைப் பார்த்தாள். தலை முதல் கால்வரை வெள்ளை உடையும் முகமூடியும் போட்ட சிலர் கலத்தைச் சுற்றி நின்றார்கள். கண்கள் மட்டும் தெரிந்தன.

"மூக்குக் குழாய்ப் பக்கம் குனிஞ்சிருக்கறது நான்தான்," என்றார் தலைவர் பெருமையாக. "மூடி சரியா உட்காரலைன்னு கூப்பிட்டாங்க. உயிர் போற தலைவலி. இருந்தாலும் படுக்கையிலேர்ந்து நேரா ஓடி வந்தேன். கண்ணு எப்படி வீங்கியிருக்கு பாருங்க."

"பார்த்தேன் சார்," என்றாள் அண்ணி.

*

குழாயை வடிவமைத்தவளை மையத்தில் எல்லோரும் மூக்கு மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பதைத் தாண்டியவள். விசாரணை நாளிலும் அவள் மேசையில் வேலை நடந்துகொண்டிருந்தது. அடுத்த கலத்துக்கான குழாய்கள், வளைந்தும் நீண்டும், ஒரு விரிப்பில் வரிசையாகக் கிடந்தன.

"அவர் அனுப்பினாரா?" என்றாள்.

"உங்களைக் காப்பாத்தச் சொன்னார்."

அவள் முகம் ஒரு கணம் இளகியது. அவ்வளவுதான், உடனே மூடிக்கொண்டது.

"தகட்டை எடுத்தீங்களா?"

"விசாரணையில சொல்லிக்கறேன்."

"என்னன்னு?"

"தெரியாதுன்னு."

"எடுக்கலைங்கறதுக்கும் தெரியாதுங்கறதுக்கும் நடுவுல ஒரு லாரியே போகலாம் மேடம்," என்றான் கொழுந்தன். சொல்லிக்கொண்டே மேசையோரத்தில் இருந்த மூடி போட்ட குழாய் ஒன்றைக் கையில் எடுத்தான்.

"வைங்க அதை." அவள் குரல் முதல் முறையாக உயர்ந்தது. "ரிப்பன் கட்டியிருக்குல்ல?"

"கட்டினா?"

"உள்ள சுத்தமா இருக்கு, யாரும் திறக்காதேன்னு அர்த்தம். பறக்கறதுக்கு முன்னாடிதான் அவிழ்க்கணும். எங்க டீம் கையெழுத்து இல்லாம இந்த மையத்துல யாரும் ஒரு ரிப்பனைத் தொட மாட்டாங்க. தலைவரே தொட மாட்டார்." குழாயை வாங்கித் திரும்ப வைத்தாள். குரல் கொஞ்சம் தணிந்தது. "கைக்குப் பழகிப்போச்சு. வீட்டுல ஊறுகாய் பாட்டிலை மூடினாக்கூட கை ரிப்பனைத் தேடும். அவர் சிரிப்பார்."

"தைலம் ஏன் வாங்கறதில்ல?" என்றாள் அண்ணி.

அவள் கை விரிப்பின் மேலேயே நின்றது.

"அந்த வாசனை எனக்கு ஆகறதில்ல."

"எப்பலேர்ந்து?"

"வயசாயிடுச்சு இல்லையா. ஒவ்வொண்ணா ஆகாமப் போகுது." குழாய்களைத் துணியால் மூடினாள். "வேற ஏதாவது?"

"ஒண்ணே ஒண்ணு. தகட்டுல இருக்கறதை அழிக்கணும்னா என்ன செய்யணும்?"

"ஒரு துணியும் ரெண்டு சொட்டு ஸ்பிரிட்டும் போதும்."

"நீங்க செஞ்சிருக்கலாமே?"

மூக்கு மேடம் அவளையே பார்த்தாள். செத்தவர் முகத்தில் எச்சில் துப்பச் சொன்னதுபோல இருந்தது அந்தப் பார்வை.

"அது சாட்சிங்க," என்றாள்.

*

வராந்தாவில் கொழுந்தன் பொறுக்கமாட்டாமல் கேட்டான். "என்ன அண்ணி, தகட்டைத் தேடச் சொன்னா தைலத்தைத் தேடறீங்க? உங்களுக்கும் தலைவலியா?"

"தம்பி, புதுசாப் பெயிண்ட் அடிச்ச வீட்டுக்குள்ள போறே. உள்ள போகப் போக வாசனை என்ன ஆகும்?"

"கூடும்."

"வீட்டுக்குப் பெயிண்ட் இல்ல, உன் சட்டையில பட்டிருக்கு. அதோட தெருவுல வெயில்ல நடக்கறே. அப்ப?"

"முதல்ல குப்புனு அடிக்கும். காயக் காயக் குறைஞ்சிடும்."

"சுவர்ல சட்டம் போட்டு மாட்டியிருக்காரே, அந்தக் கோடு இதுல எந்த வாசனை?"

கொழுந்தன் நின்றுவிட்டான். அடுத்து ஒரு ஜோக் வரவேண்டிய இடம். வரவில்லை.

"அந்த ஊர் வாசனை இல்ல," என்றான் மெதுவாக. "நம்ம சட்டை."

"விடியக்காலையில பெண்டாட்டி தைலம் தேய்ச்சு விடறா. மூடி சரியில்லைன்னு கூப்பிடறாங்க. நெத்தியைக் கழுவக்கூட நேரமில்லாம ஓடிப்போய்க் குழாய்க்கு மேல குனியறார். எல்லார் முகத்துலயும் முகமூடி. யாருக்கு வாசனை தெரியும்? குழாயோட உள்சுவர்ல போய் ஒட்டிக்குது. அவ்வளவு தூரம் போய், அந்த ஊர்ச் சூட்டுல வெந்து, வேற வாயுவா உருமாறி வெளிய வருது. கருவி அதைப் பார்த்து 'இதோ உயிர்'ங்குது."

"நம்மால நம்பிக்கையோட சொல்ல முடியுமா அண்ணி?"

"நம்மால முடியாது. தகட்டால முடியும். முடிவு வந்த அன்னிக்கே அந்தம்மாவுக்குப் புரிஞ்சிடுச்சு. கோட்டைப் பார்த்ததும் தன் விரல் வாசனை ஞாபகம் வந்திருக்கும். வீட்டுல இருந்த டப்பாவையெல்லாம் தூக்கிப் போட்டாங்க. ஆய்வுக்கூடம் கேட்டதும் தகட்டை எடுத்தாங்க."

"புருஷன் பேரைக் காப்பாத்த."

"ம்."

"அந்தாளு பொறாமைங்கறார்."

அண்ணி படியை நோக்கித் திரும்பினாள். படியில் இறங்கிக்கொண்டே கேட்டாள்: "காலையில ரிப்பனைப் பார்த்து என்னமோ சொன்னியே?"

"வெட்டற பெரிய மனுஷர் வரலைன்னேன்."

"எங்கயும் பறக்கப் போகாத பொம்மைக்கு, பறக்கறதுக்கு முன்னாடி அவிழ்க்கற ரிப்பன் எதுக்கு?"

கீழே சாப்பாட்டு இடைவேளை. கூடத்தில் யாரும் இல்லை. இரட்டைக் கலம் கண்ணாடிக் கூரையிலிருந்து விழுந்த வெளிச்சத்தில் தனியாக நின்றது. அதன் உடம்பெங்கும் எத்தனையோ மூடிகள், திருகுகள். எதிலும் ரிப்பன் இல்லை. மூக்கில் மட்டும் இருந்தது. ஒளித்து வைத்தவளின் மூளை சரியான இடத்தைத்தான் தேர்ந்தெடுத்திருந்தது. கை மட்டும் பழக்கத்தை விடவில்லை. சுத்தமான பொருளை உள்ளே வைத்தோம், ரிப்பன் கட்டியாக வேண்டும்.

"போய் அவரைக் கூட்டிட்டு வா," என்றாள் அண்ணி.

*

தலைவர் இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தார். தலைவலிகூட மறந்துபோயிருந்தது.

"கிடைச்சிடுச்சா? எனக்குத் தெரியும். யார் வேலை? பாராசூட் டீம்தானே? அவனுங்களுக்கு ஆரம்பத்துலேர்ந்தே அவமேல ஒரு கண்ணு."

"எடுத்தது உங்க மனைவிதான் சார்."

அவர் நின்றார்.

அண்ணி சுற்றி வளைக்கவில்லை. தைலம், புகைப்படம், சரிந்து இறங்கும் கோடு, ரிப்பன் என்று வரிசையாகச் சொல்லி முடித்தாள். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. முதலில் மறுப்பு. பிறகு கணக்கு. உதடுகள் அசைந்தன. ஏறும் வேகத்தையும் இறங்கும் வேகத்தையும் மனத்துக்குள்ளேயே போட்டுப் பார்த்தார். படித்தவர், சீக்கிரமே விடை வந்துவிட்டது. வந்ததும், கலத்தைச் சுற்றியிருந்த தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அவளுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார். "இவ்வளவு நாளா தெரிஞ்சும் எங்கிட்டச் சொல்லல."

"நீங்க சந்தோஷமா இருந்தீங்க," என்றான் கொழுந்தன்.

கொழுந்தன் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கை ரிப்பனை நோக்கிப் போகும் என்றுதான் நினைத்தான். கம்பியிலிருந்து எழுந்த கை, கழுத்துப் பட்டையைச் சரிசெய்தது.

"நீங்க கெட்டிக்காரங்க மேடம்," என்றார். குரல் இப்போது ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிற குரல். "உங்க வேலை முடிஞ்சுது. தகடு இருக்கற இடத்துலயே இருக்கட்டும்."

"விசாரணை சார்?"

"நடக்கட்டும்."

"அவங்களுக்கு வேலை போகும்."

"போகும். நான் வேற எங்கயாவது பார்த்துத் தருவேன். டீச்சிங் மாதிரி. அவளுக்கும் ஓய்வு வேணும்." அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் வேகமாகப் பேசினார். "யோசிச்சுப் பாருங்க. அந்த வாயு இல்லைன்னா அடுத்த கலம் கிடையாது. எத்தனை குடும்பம் இதை நம்பி இருக்கு? எனக்காகவா கேக்கறேன்? அவளே அதைத்தானே விரும்பினா? அதுக்குத்தானே ஒளிச்சா? நான் அவ முடிவை மதிக்கறேன், அவ்வளவுதான்."

"அப்ப எங்களை எதுக்கு சார் கூப்பிட்டீங்க?" என்றான் கொழுந்தன்.

"அவ எடுக்கலைன்னு நினைச்சுக் கூப்பிட்டேன்."

"இப்ப உங்களுக்காக எடுத்தாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. அதனால வேண்டாங்கறீங்க."

தலைவர் வாயைத் திறந்தார். பதில் வருவதற்குள் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

மூக்கு மேடம் படியின் கடைசி வளைவில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று யாரும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"என்னங்க," என்றாள். "ஒண்ணு கேக்கறேன். நீங்களே அதை எடுத்துட்டுப் போய், 'என் நெத்தி, இவ விரல், ரெண்டு பேர் தப்பும்தான்'னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துதான் நான் ஒளிச்சேன். தெரிஞ்சா அப்படித்தான் செய்வீங்கன்னு அவ்வளவு நம்பினேன். அது முட்டாள்தனமா?"

"நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு..."

"கேட்டேன். படியில நின்னு எல்லாத்தையும் கேட்டேன்."

அவள் இறங்கி வந்தாள். தடுப்புக் கம்பியைத் தாண்டி உள்ளே போய், மூக்குக் குழாயின் முன்னால் மண்டியிட்டாள். முடிச்சில் விரல் வைத்தாள்.

"அதைத் தொடாதே," என்றார் அவர். "சொன்னாக் கேளு. வெளிய கொண்டுபோனா ரெண்டு பேரும்தான் அழிவோம். ஒளிச்சதுக்கு உன் வேலையும் போகும்."

"போகட்டும். குழாய் தப்பிச்சிடும்." ரிப்பன் அவிழ்ந்தது. "அது சரியாத்தாங்க மோந்திச்சு. நம்ம வீட்டு வாசனையை அவ்வளவு தூரத்துலேர்ந்து சரியாச் சொல்லிச்சு. தப்பாப் படிச்சது நாம. அடுத்து எப்ப அனுப்பினாலும் ரெண்டு மூடி போட்டு, சூடு காட்டித் துடைச்சு அனுப்பச் சொல்லுவேன். நான் இல்லைன்னாலும் யாராவது செய்வாங்க."

"உங்க டீம் கையெழுத்து இல்லாம ரிப்பனை அவிழ்க்கக் கூடாதுன்னு சொன்னீங்களே மேடம்?" என்றான் கொழுந்தன். கிண்டலுக்குக் கேட்கவில்லை. தலைவர் கையை நீட்டி மறிக்கப் போவதைப் பார்த்து, இருவருக்கும் நடுவே போய் நின்றுகொண்டே கேட்டான்.

"விசாரணை முடியறவரைக்கும் நான் டீம்லதான் இருக்கேன்."

மூடியைத் திருகிக் கழற்றினாள். உள்ளே, சுருட்டிய உறையில், தகடு பத்திரமாக இருந்தது. சட்டைப் பையிலிருந்து மெல்லிய கையுறைகளை எடுத்து, ஒவ்வொரு விரலாக இழுத்துவிட்டு மாட்டிக்கொண்டாள். அப்புறம்தான் உறையை வெளியே எடுத்தாள்.

தலைவர் கலத்தின் பீடத்தில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கைகளாலும் நெற்றிப் பொட்டுகளை அழுத்திக்கொண்டார். சுவரில் மாட்டிய கோடும், உலகம் பேசிய பேச்சும், அடுத்த கலமும் எல்லாம் அந்த உள்ளங்கையளவு தகட்டோடு எழுந்து போய்க்கொண்டிருந்தன.

"தலை வெடிக்குது," என்றார். அதில் நடிப்பு இல்லை. இத்தனை வருஷமாக அவர் சொல்லி, இத்தனை வருஷமாக அவள் ஓடி வந்த வார்த்தை. "கொஞ்சம் இரேன்."

அவள் நின்றாள். திரும்பினாள். கை தானாகவே அவர் நெற்றியை நோக்கிப் பாதி தூரம் போனது. அந்தரத்தில் நின்ற கையை அவளே ஒரு நொடி பார்த்தாள்.

"கையுறை போட்டுட்டேன்," என்றாள். "இனிமே வேற எதையும் தொடக் கூடாது."

விசாரணை அறையின் கதவு, கூடத்தை ஒட்டிய கீழ் வராந்தாவின் கோடியில் இருந்தது. அவள் தகட்டை மார்புக்கு நேராக, இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நடந்தாள். கதவைத் திறக்க அவளுக்குக் கை இல்லை என்பதைக் கவனித்து, கொழுந்தன் முன்னால் ஓடினான்.

தரையில் கிடந்த ரிப்பனை அண்ணி குனிந்து எடுத்தாள். தலைவரின் மடியில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.